ஊசி இருக்கட்டும், அம்மாவின் காதைப் பார்த்தீர்களா?

கேள்வி (சுருக்கப்பட்டது): எனக்கு 47 வயது, களுவாஞ்சிகுடி. அம்மாவுக்கு 74. மூன்று வருடமாக மறதி. வயதுபோனால் அறளை பெயர்வது வழக்கம்தானே என்று முதலில் விட்டுவிட்டோம். மட்டக்களப்பில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் அல்சைமர் என்றார். டொனெபெசில் மாத்திரை கொடுக்கிறோம். இப்போது குளிக்கவைக்கவும் உடுப்பு மாற்றவும் நான் வேண்டும். பொழுதுபட்டால் "என்னை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள்" என்று படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காதும் மந்தம், இரண்டு மூன்று தரம் கத்தவேண்டும் என்பதால் அவரோடு இப்போது அதிகம் கதைப்பதில்லை. டீவியைப் போட்டு முன்னால் இருத்திவிடுவோம். அமெரிக்காவில் புதிய ஊசி வந்திருக்கிறது, எவ்வளவு செலவானாலும் தருகிறேன் என்று கனடாவில் இருக்கும் அண்ணா சொல்கிறார். அதை இங்கே எடுப்பிக்க வழி உண்டா? எனக்கும் இந்த நோய் வருமா?

பதில்: ஊசியை முதலில் முடித்துவிடுவோம், தங்கச்சி. லெகனமாப் என்ற மருந்துக்கு 2023இலும் டொனனெமாப் என்ற மருந்துக்கு 2024இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூளையில் படியும் அமிலாய்ட் என்ற புரதத்தை அவை அகற்றுகின்றன. நோயின் தொடக்கத்தில், இன்னும் தன் அலுவலைப் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்குத்தான் அவற்றைக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் போன நினைவு திரும்புவதில்லை. 18 மாதப் பரிசோதனையில் லெகனமாப் சரிவின் வேகத்தைச் சுமார் 27 சதவீதம் குறைத்தது, அவ்வளவுதான். மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ வரக்கூடும் என்பதால் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவேண்டும். குளிக்கவும் உடுக்கவும் துணை தேவைப்படும் உங்கள் அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார் என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. உங்கள் டாக்டரிடமும் கேளுங்கள். இந்தப் பத்தியை அண்ணாவுக்கு அனுப்பிவையுங்கள்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரிக்கு வருகிறேன். "அவரோடு இப்போது அதிகம் கதைப்பதில்லை."

இப்படியான கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றிலும் மருந்தின் பெயர் இருக்கும், டாக்டர் சொன்னது இருக்கும். நோயாளி சொன்னது இருக்காது. உங்கள் கடிதத்தில் அம்மா பேசும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்குப் போகவேண்டும் என்பது. விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை ஒருவரும் முகம் பார்த்துக் கதைக்காத இடத்தை யார்தான் தன் வீடு என்று நினைப்பார்கள்? இந்நோய் உள்ளவர்களுக்குப் பொழுதுபடும் நேரத்தில் தடுமாற்றம் கூடுவது உண்மைதான். ஆனால் அந்தத் தடுமாற்றத்தில் உங்கள் வீட்டாரின் பங்கு எவ்வளவு என்று கொஞ்சம் யோசியுங்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நீங்கள் குடியிருக்கும் வீடும் பெரும்பாலும் அந்த அம்மா உங்களுக்குச் சீதனமாக எழுதித் தந்ததாகத்தான் இருக்கும். வீட்டைத் தந்தவருக்கு அதில் ஒரு கதிரையும் டீவியும்தான் மிச்சமா?

மூளைக்கு ஸ்கேன் எடுத்தீர்கள். காதுக்குள் யாராவது டோர்ச் அடித்துப் பார்த்தார்களா? அதைப்பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. வயதானவர்களின் காதில் குறும்பி இறுகி அடைத்துக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். அதை எடுத்துவிட்டாலே சிலருக்குக் கேட்கத் தொடங்கிவிடும். குறும்பி இல்லை, நரம்புதான் தளர்ந்துவிட்டது என்றால் காது கேட்கும் கருவி இருக்கிறது. கேள்வி காதில் விழாத ஆள் பதில் சொல்லாமல் இருந்தால், பார்ப்பவருக்கு அதுவும் மறதியாகத்தான் தெரியும். அம்மாவின் மறதியில் எவ்வளவு நோய், எவ்வளவு காது என்று உங்களுக்கே தெரியாது. போதனா வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்கு இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். கருவி அல்சைமரைக் குணமாக்கும் என்று நான் சொல்லவில்லை. கேட்கிற மனுசிக்குப் பயம் குறையும், கோபம் குறையும். அது உங்களுக்கும் ஆறுதல்தானே.

அதுவரைக்கும், கத்துவதை நிறுத்துங்கள். கத்தினால் சொல் தெளிவாகக் கேட்காது, உங்கள் முகத்தில் இருக்கும் எரிச்சல் மட்டும் தெளிவாகத் தெரியும். டீவியை அணையுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி அவருக்கு எதிரே உட்காருங்கள். குரலின் சுருதியைத் தாழ்த்தி, சிறு வாக்கியமாக, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பொறுத்திருங்கள், பதில் வர நேரமெடுக்கும். "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று வருகிற போகிற ஆட்களெல்லாம் சோதனை வைக்கும் வழக்கத்தை உங்கள் வாசலோடு தடுத்துவிடுங்கள். பழைய நினைவுகள்தான் பெரும்பாலும் நெடுநாள் நிற்கும், அவற்றைப் பிடித்துக்கொண்டு கதையுங்கள். 1978 சூறாவளியை இந்தப் பக்கத்தில் எந்த மூத்தவரும் லேசில் மறந்ததில்லை. எந்தச் சுவர் விழுந்தது, யார் வீட்டில் ஒதுங்கினார்கள் என்று அவர் சொல்லட்டும். பத்தாவது தடவையாகச் சொன்னாலும் கேளுங்கள். வைகாசியில் அம்மன் கோயில் குளிர்த்திப் பாட்டை அவர் வாய் முணுமுணுக்கிறதா என்று பாருங்கள். பேச்சுப் போன பிறகும் பாட்டு நிற்பதுண்டு. படலையில் நிற்கும்போது "இதுதானே அம்மா உங்கள் வீடு" என்று வாதாடாதீர்கள். அவர் தேடுவது தன் தாய் இருந்த வீடாக இருக்கலாம். அந்த வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே கையைப் பிடித்து உள்ளே கூட்டிவாருங்கள்.

இன்னொன்று. தடுமாற்றம் ஒருநாள் திடீரென்று கூடினால் நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சலத்தில் (சிறுநீரில்) கிருமித்தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். உடனே காட்டுங்கள்.

உங்களுக்கு வருமா என்று கேட்டீர்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு ஏறக்குறைய நிச்சயமாக வரும் வகை மிக அரிது. அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்னரே தொடங்கிவிடும். உங்கள் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. உங்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல், அதற்குமேல் இல்லை. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, திருத்திக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் மறதிநோயின் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. பிரஷர், சீனி, கெட்ட கொழுப்பு, புகை, நடக்காத உடம்பு, தனிமை, கவனிக்காமல் விட்ட கண் பார்வை எல்லாம் அதில் இருக்கின்றன. நடுவயதில் தொடங்கும் காது மந்தமும் இருக்கிறது, அதுவும் பெரிய காரணங்களில் ஒன்றாக. உங்களுக்கு 47. அம்மாவைக் காதுக்குக் காட்டும் அன்றே உங்கள் காதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், பிரஷரையும் சீனியையும் பாருங்கள்.

கடைசியாக அண்ணா. வீடு தங்கச்சிக்குப் போனது, ஆகவே அம்மாவும் தங்கச்சியின் பொறுப்பு என்ற கணக்கை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். சுமந்து பெற்றதில் அவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. ஊசிக்கென்று வைத்த காசில் காது கேட்கும் கருவி வாங்கட்டும், அதற்கு பற்றரி வாங்கட்டும், கிழமையில் இரண்டு நாளாவது நீங்கள் நித்திரை கொள்ள ஒரு உதவிக்காரப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கட்டும். அத்தோடு காசு மட்டும் போதாது. லீவு எடுத்துக்கொண்டு ஆளும் வரவேண்டும், அம்மாவுக்கு அவருடைய குரல் இன்னும் பிடிபடும்போதே. வந்து நிற்கும் நாளெல்லாம் பொழுதுபட்ட பிறகு படலையடிக் காவல் அவருடையது.