திண்ணை நிழலும் வாசல் வெயிலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் பெரிய மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த சூப்பர் 8 என்னும் சிறு சினிமாச் சுருள் கேமராவும் புரொஜெக்டரும் எங்கள் வீட்டுப் பரணில் பல ஆண்டுகளாகக் கிடந்தன. இரண்டும் ஓடுகின்றன என்று தெரிந்ததும், எக்டாக்ரோம் 100டி சுருள் ஒன்றை வரவழைத்து, என் அம்மாயி (அம்மாவின் அம்மா) திண்ணையில் அமர்ந்திருப்பதையும், வாசலில் நெல் காய்வதையும், வரப்போரப் பனைகளையும் படமெடுத்தேன். கழுவி வந்த சுருளைச் சுவரில் ஓட்டிப் பார்த்தபோது பனையும் நெல்லும் தெளிவாக இருந்தன. அம்மாயி மட்டும் முகமே தெரியாத கரிய உருவமாக இருந்தார். படம் முழுவதும் மஞ்சளேறியதுபோல் ஒரு சாயல் இருக்கிறது. ஒரே காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் கூடுவதும் குறைவதும் தெரிகிறது. கேமரா பழுதா, என் கை பழுதா? நெகட்டிவ் சுருளுக்கு மாறிவிடலாமா? அம்மாயி தன்னைச் சுவரில் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் செய்தேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ளவற்றை வைத்துப் பார்த்தால் கேமரா பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. அது தனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதை ஒழுங்காகச் செய்திருக்கிறது என்றே நினைக்கிறேன். இந்தக் கேமராக்களுக்குள் இருக்கும் ஒளி அளக்கும் மீட்டர், சட்டகத்துக்குள் தெரியும் ஒளி எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, அதன் சராசரி ஒரு நடுச் சாம்பல் நிறமாக, அதாவது விழுந்த ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் நிறமாக, பதிவாகும்படி லென்சின் துவாரத்தைத் திறக்கவோ மூடவோ செய்கிறது. அம்மாயியின் முகம் சட்டகத்தில் இருபதில் ஒரு பங்கு இருந்திருக்கும். வெயிலில் பொன்னாகக் காய்ந்த நெல்லும் வாசலும் மீதியை நிரப்பியிருக்கும். மீட்டர் நெல்லைப் பார்த்துத் துவாரத்தைச் சுருக்கியது. யாரைப் பார்க்க நீங்கள் கேமராவைத் தூக்கினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அதை நாம்தான் ஒவ்வொரு காட்சிக்கும் சொல்ல வேண்டும்.

இதை நானும் ஒரு சுருளை இழந்துதான் கற்றேன். 1984ஆம் ஆண்டு ஆடி மாதச் சாரலில், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு ஏறும் மீட்டர் கேஜ் ரயிலைப் படமெடுக்க ஒரு கோடாக்ரோம் 40 சுருளோடு பாதையோரம் நின்றேன். அந்தச் சுருளைக் கழுவும் கூலியும் விலையிலேயே அடங்கியிருந்தது. வெளிநாட்டுக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். திரும்பி வந்த படத்தில் மலைமேல் தவழ்ந்த மேகம் பஞ்சின் இழைகூடத் தெரியும்படி இருந்தது. ரயில் ஒரு கரிய கோடாக அதன் அடியில் ஊர்ந்து போயிற்று. சன்னலில் கையசைத்த பிள்ளைகள் யாரும் இல்லை. 1904இல் திறக்கப்பட்ட அந்த மலைப்பாதை 2010இல் மூடப்பட்டு, அகலப் பாதையாகி, 2018இல் மீண்டும் திறந்தது. மீட்டர் கேஜ் ரயிலை இனி அங்கே போய் எடுக்க முடியாது. அன்று நான் கேமராவின் மீட்டரை நம்பாமல், என் காலடியில் இருந்த புல்லை அளந்திருந்தால் போதும், அந்தப் பிள்ளைகள் கிடைத்திருப்பார்கள்.

புல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பசும்புல்லும் இளம் நெற்பயிரும் ஏறக்குறைய அந்த நடுச் சாம்பலுக்கு இணையான ஒளியைத்தான் திருப்பித் தருகின்றன. கடையில் சாம்பல் அட்டை தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊரில் அது ஏக்கர் கணக்கில் விளைகிறது. ஆனால் நீங்கள் அளக்கும் பயிரும், நீங்கள் எடுக்கப்போகும் ஆளும் ஒரே ஒளியில் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் பயிரை அளந்து நிழலில் இருப்பவரை எடுத்தால் பழைய கதைதான். பயிர் இல்லாத இடத்தில் உள்ளங்கையை முகத்தருகே நீட்டி அளக்கலாம். யாருடைய உள்ளங்கையும் நடுச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சமாக இருக்கும் என்பதால், வரும் அளவிலிருந்து ஒரு ஸ்டாப் துவாரத்தைத் திறக்க வேண்டும். அதாவது இரு மடங்கு ஒளியை உள்ளே விட வேண்டும். முகத்தையே சட்டகம் நிறைய ஜூம் செய்து அளப்பதும் நல்ல வழிதான், ஆனால் நம் முகங்கள் பெரும்பாலும் நடுச் சாம்பலைவிடக் கருமையானவை. மீட்டர் அவற்றை வெளுக்கப் பார்க்கும். எனவே அந்த அளவிலிருந்து அரை ஸ்டாப் மூடிக்கொள்ளுங்கள். வெயிலில் ஊறிய அந்த நிறம் அப்போதுதான் அதன் நிறமாகவே சுவரில் விழும்.

கேமராவை நம்பாமல் அளக்க இன்னொரு வழி, முகத்தின்மேல் விழும் ஒளியையே அளப்பது. வெள்ளைக் குமிழ் பொருத்திய கை மீட்டரை முகத்தருகே வைத்து, குமிழைக் கேமராவின் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். பின்னால் இருப்பது நெல்லா, வானமா, கரிய பனையா என்பதைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. நானாக இருந்தால் இதைத்தான் முதலில் வாங்குவேன். அதில் சுருளின் வேகத்தை, அதாவது அது ஒளியை உணரும் திறனை, 100 என்றும், ஷட்டரை நாற்பதில் ஒரு வினாடி என்றும் வையுங்கள். நொடிக்கு 18 சட்டகம் ஓடும் கேமராவில் சுழலும் ஷட்டரின் திறப்பு 160 பாகை என்றால் ஒவ்வொரு சட்டகமும் அவ்வளவு நேரமே ஒளியைக் காண்கிறது. உங்கள் கேமராவின் கையேடு கிடைத்தால் திறப்பின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறைந்த இடங்களுக்கென்று செய்யப்பட்ட சில கேமராக்களில் அது 200 பாகையைத் தாண்டும்.

பழைய கணக்கு ஒன்று உண்டு: முழு வெயிலில் துவாரம் 16 (எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்), ஷட்டர் சுருளின் வேகத்தில் ஒரு பங்கு. 100 வேகச் சுருளுக்கு நூறில் ஒரு வினாடி. உங்கள் கேமராவோ நாற்பதில் ஒரு வினாடி திறந்திருக்கிறது. ஆகவே துவாரம் 22ஐயும் தாண்டி மூட வேண்டியிருக்கும். பல கேமராக்கள் அவ்வளவு மூடா, மூடினாலும், 5.79க்கு 4.01 மில்லிமீட்டர் அளவேயான அந்தச் சிறு சட்டகத்தில் ஊசித் துளை வழியே வரும் உருவம் கூர்மை இழந்துவிடும். லென்சின் முன் 0.6 அளவுள்ள சாம்பல் வடிகட்டியைப் பொருத்தினால் இரண்டு ஸ்டாப் குறைந்து, துவாரம் 11க்கும் 16க்கும் இடையில் நிற்கும். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் மாசி, பங்குனி வெயிலில் இது இல்லாமல் இந்தச் சுருளோடு வெளியே போக வேண்டாம்.

காட்சியின் நடுவே வெளிச்சம் ஏறி இறங்குவதற்குக் காரணம் தானியங்கி மீட்டர்தான். எங்கள் செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் மலையைத் தாண்டி வரும் மேகம் நிமிடத்துக்கொருமுறை வெயிலை மூடித் திறக்கும். அப்போது அந்த மீட்டர் மூச்சிரைப்பதுபோல் துவாரத்தைத் திறந்து மூடும். கேமராவை நகர்த்தினாலும் அதுவே நடக்கும். கைமுறைக்கு மாற்றும் வளையமோ, அளவைப் பூட்டும் பொத்தானோ உங்கள் கேமராவில் இருக்கிறதா என்று பாருங்கள். முகத்தை அளந்து, பூட்டி, அதன் பிறகு சட்டகத்தை அமையுங்கள். வெயில் உண்மையிலேயே மறைந்தால் படத்திலும் மறையட்டும், அதில் குறை ஒன்றும் இல்லை.

மஞ்சள் சாயலுக்கு வேறு காரணம் இருக்கிறது. சூப்பர் 8 கேமராக்கள் பெரும்பாலும் விளக்கொளிச் சுருளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதால், பகலில் அதை நேராக்க ஓர் ஆரஞ்சு வடிகட்டி உள்ளேயே இருக்கும். எக்டாக்ரோம் 100டி பகலொளிக்கான சுருள். அதற்கு அந்த வடிகட்டி வேண்டாம். கேமராவின் மேலோ பக்கத்திலோ சூரியனும் பல்பும் வரைந்த ஒரு விசை இருக்கும். வெயிலில் நின்றாலும் அதைப் பல்பின் பக்கம் தள்ளுங்கள். வடிகட்டி நிறத்தை மட்டும் மாற்றுவதில்லை, ஒளியிலும் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப்பைத் தின்றுவிடும். விளக்கொளியில் 40 வேகமாக இருந்த பழைய கோடாக்ரோம், பகலில் வடிகட்டியோடு 25 ஆகக் குறைந்தது இதனால்தான்.

மீட்டருக்கென்று தனியாக ஒரு பொத்தான் பேட்டரி உண்டா என்றும் பாருங்கள். எழுபதுகளின் கேமராக்கள் பலவற்றுக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி தேவைப்பட்டது; அது இன்று விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் சில மீட்டர்கள் வெளிச்சம் கூடுதலாக இருப்பதாக எண்ணித் துவாரத்தைச் சுருக்கும், படம் இருளும். அதே 1.35 வோல்ட் தரும் துத்தநாகக் காற்று பேட்டரிகள் கிடைக்கின்றன. இன்னொன்று: முக்காலியில் வைத்துவிட்டுக் கண்ணை எடுத்தால், கண்வைக்கும் துளை வழியாக வெயில் உள்ளே போய் மீட்டரை ஏமாற்றும். கண்ணைப் பொருத்தியே இருங்கள், அல்லது துளையை மூடுங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. நெகட்டிவ் சுருள் தாராளமானது; ஒரு ஸ்டாப் கூடப் போனாலும் நிழலையும் வெயிலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எக்டாக்ரோம் போல, கழுவியதும் நேராகவே ஓட்டிப் பார்க்கக்கூடிய ரிவர்சல் சுருளோ ஐந்தாறு ஸ்டாப்புக்குள் உலகத்தை அடக்க வேண்டியது. வெளுத்துப் போன இடத்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. நெகட்டிவுக்கு நிழலைப் பார்த்து அளக்க வேண்டும், ரிவர்சலுக்கு வெளிச்சத்தைக் காத்து அளக்க வேண்டும். கணினியில் பார்த்தால் போதும் என்று நீங்கள் எழுதியிருந்தால், 50 வேக நெகட்டிவை வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் நெகட்டிவைப் புரொஜெக்டரில் ஓட்டினால் அம்மாயி தன்னைப் பார்க்க முடியாது. வெள்ளை முடி கருப்பாகவும் முகம் வெளுப்பாகவும் ஓடும். ஆகவே எக்டாக்ரோமையே வாங்குங்கள்.

சுருளை மாற்றுவதற்குப் பதிலாக நாற்காலியை மாற்றலாம். திண்ணை நிழலுக்கும் வாசல் வெயிலுக்கும் நாலைந்து ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். முகத்தின் நிழலோரத்தையும் வெயிலில் காயும் நெல்லையும் ரிவர்சல் சுருள் ஒன்றாகத் தாங்காது. அம்மாயியைத் திண்ணையின் வெளி விளிம்பருகே, வெயில் மேலே படாமல், வாசலைப் பார்த்தபடி உட்காரவையுங்கள். நீங்கள் வாசலில் இறங்கி, முதுகை வெயிலுக்குக் காட்டி நில்லுங்கள். வாசலிலிருந்து தெறிக்கும் ஒளி அவர் முகத்தில் விழும். பின்னால் நெல்லுக்குப் பதிலாக வீட்டுச் சுவர் இருக்கும். அந்த நிழலில் துவாரம் ஏறக்குறைய 5.6க்கும் 8க்கும் இடையில் வரும், அதற்கு வடிகட்டி வேண்டாம். நெல்லையும் பனையையும் தனித்தனிக் காட்சிகளாக, அவற்றுக்குரிய அளவில் எடுங்கள்.

ஒரு கார்ட்ரிட்ஜில் 50 அடி, 3600 சட்டகம், 18இன் ஓட்டத்தில் மூன்று நிமிடம் இருபது வினாடி. அதில் முதல் பதினைந்து வினாடியைச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்: அம்மாயியின் அதே இருக்கையை, அளந்த அளவில் ஐந்து வினாடி, அரை ஸ்டாப் மூடி ஐந்து, அரை ஸ்டாப் திறந்து ஐந்து. ஒவ்வொரு காட்சிக்கும் துவாரம், நேரம், வெயிலா நிழலா என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எடுத்து முடித்ததும் சுருளை வீட்டில் வைக்காமல் உடனே கழுவ அனுப்புங்கள். ஈரத்திலும் சூட்டிலும் கிடந்தால் நிறம் கெடும். கர்க்கடக (ஆடி) மழை தொடங்குமுன் கேமராவைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடியிட்ட டப்பாவில் வையுங்கள். லென்சில் பூஞ்சை ஏறினால் எவ்வளவு சரியாக அளந்தாலும் படம் மங்கிவிடும். சுருள் வந்ததும் அந்த மூன்று சோதனைத் துண்டுகளில் எதில் அவர் முகம் அவர் முகமாக இருக்கிறது என்று அம்மாயியிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள்.