ஐப்பசியில் நிற்கும் காற்றாலை

மதிப்பிற்குரிய ஐயா,

2070-ல் இந்தியா நிகர பூஜ்ஜிய உமிழ்வை, அதாவது காற்றில் விடும் கரியமில வாயு அளவுக்குத் திரும்ப எடுத்துவிடும் நிலையை, எட்டும் என்கிறார்கள். இன்றைய தலைவர்களில் யாரும் அன்று பதவியில் இருக்கப்போவதில்லை. பணக்கார நாடுகளே வாக்கைக் காப்பாற்றுவதில்லை. வகுப்பில் ஒரு மாணவி, "இவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்களா சார்?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நானும் சில மாதங்களாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீங்கள் பேச்சை மாற்றியது தவறு. துணிந்து கேட்ட பிள்ளையிடம் ஆசிரியர் நழுவினால் அவள் அடுத்த முறை வாய் திறக்கமாட்டாள். பணக்கார நாடுகள் பற்றிய வரியை விட்டுவிடுகிறேன். அது வேறு வழக்கு.

தலைவர்களின் மனதை அறிய நமக்கு வழியில்லை. அவர்களுடைய சொல்லைப் பார்க்கலாம். 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் பிரதமர், 2030-க்குள் நாட்டின் எரிசக்தித் தேவையில் பாதியைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவோம் என்றார். 2022 ஆகஸ்டில் ஐ.நா.வுக்கு முறைப்படி அளிக்கப்பட்ட இலக்கில் அது, மின்சார நிறுவுதிறனில் பாதி நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் சாராததாக இருக்கும் என்று மாறியிருந்தது. நிறுவுதிறன் என்பது நிறுவிய நிலையங்கள் முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய மின்சாரம்; உண்மையில் தரும் மின்சாரம் அல்ல. தேவை எங்கே, நிறுவுதிறன் எங்கே? இந்த ஒரு சொல் மாறியதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

என் சித்தி வீடு ஆரல்வாய்மொழியில் இருந்தது. ஆடியில் போனால், கொடியில் இரண்டு கிளிப் போட்டுக் காயவைத்த வேட்டியையும் காற்று பிய்த்துக்கொண்டு போகும். முப்பந்தல் வரைக்கும் காற்றாலைகள் ஓயாமல் சுழலும். தீபாவளி விடுமுறைக்குப் போனால் அவற்றில் பல அசையாமல் நிற்கும், தூணின் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும். நிறுவுதிறன் கணக்கில் ஆடியில் சுழலும் காற்றாலையும் ஐப்பசியில் நிற்கும் காற்றாலையும் ஒன்றேதான். நள்ளிரவில் சும்மா கிடக்கும் சூரியத் தகடும் அந்தக் கணக்கில் முழுமையாக இருக்கிறது.

நிறுவுதிறனில் பாதி என்ற இலக்கை இந்தியா 2025 ஜூனிலேயே, ஐந்தாண்டு முன்னதாக எட்டிவிட்டது. அது உண்மையான சாதனை. அதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 2024-25-ல் நாடு உற்பத்தி செய்த மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாதவரை அந்தச் செய்தி பாதிச் செய்திதான்.

"எல்லோரும் பொய்யர்கள்" என்று கைகழுவுவது எனக்குக் கோபத்தையே தருகிறது, ஏனென்றால் அது எந்தத் தலைவரையும் ஒரு நாள்கூட உறுத்துவதில்லை. பிரிட்டனில் 2008-லேயே காலநிலைச் சட்டம் வந்தது; தனித்து இயங்கும் குழு ஒன்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அளிக்கிறது, அரசு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டத்தை வைத்துத்தான் சூழல் அமைப்புகள் வழக்காடி, அரசின் திட்டம் சட்டத்துக்கு ஒத்ததாக இல்லை என்ற தீர்ப்பை 2022-லும் 2024-லும் பெற்றன. நம்மிடம் அப்படியொரு சட்டம் இல்லை. அது வேண்டும் என்று எந்த வேட்பாளரிடமாவது நீங்கள் கேட்டதுண்டா?

மத்திய மின்சார ஆணையம் மாதந்தோறும் உற்பத்திக் கணக்கை வெளியிடுகிறது. ஜூலைக் கணக்கையும் நவம்பர்க் கணக்கையும் அந்த மாணவியிடம் கொடுங்கள். காற்றாலை மின்சாரம் எவ்வளவு குறைந்தது என்று கரும்பலகையில் அவளே கழித்துப் பார்க்கட்டும்.