கேள்வி பதில்: எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போன், பள்ளிக்கூடம், பேச்சுரிமை பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கேள்வி: சமூக வலைதளத்தில் யார் வேண்டுமானாலும் யாரையும் அசிங்கமாகத் திட்டலாம் என்றாகிவிட்டது. பேச்சுரிமைக்கு ஓர் எல்லை வேண்டாமா? கடுமையான சட்டம் வந்தால்தான் இது சரிப்படும்.
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: அப்படி ஒரு சட்டம் இருந்தது ஐயா. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, 2009-ல் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் எழுதியது பிறருக்கு எரிச்சலோ அசௌகரியமோ தந்தால்கூட மூன்று ஆண்டு வரை சிறைக்கு அதில் வழி இருந்தது. சரி, அதில் மாட்டியவர்கள் யார் என்று பாருங்கள். 2012 ஏப்ரலில், மம்தா பானர்ஜியைக் கிண்டல் செய்யும் கார்ட்டூனை மின்னஞ்சலில் அனுப்பிய ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர். அக்டோபரில், கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதிய புதுச்சேரிக்காரர் ஒருவர். நவம்பரில், பால் தாக்கரே மறைவுக்காக மும்பை ஏன் மூடிக் கிடக்க வேண்டும் என்று முகநூலில் எழுதிய ஓர் இளம்பெண், அதற்கு லைக் போட்ட அவருடைய தோழி. எல்லாம் ஒரே ஆண்டுக்குள். பெண்களைத் தினமும் ஆபாசமாகத் திட்டிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு இந்தச் சட்டத்தால் பெரிய பயம் எதுவும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதிகாரத்தில் இருப்பவருக்கு எது எரிச்சலோ அதுதான் குற்றமானது. சொற்கள் தெளிவில்லாமல் இருந்தால் எந்த ஆட்சியிலும் அப்படித்தான் நடக்கும்.

2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முழுவதுமாக ரத்து செய்தது. அதன் பிறகும் பல மாநிலங்களில் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்கு போட்டுக்கொண்டிருந்தன. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனி யார் மீதும் இதில் வழக்கு நடத்தக் கூடாது என்று இன்னொரு முறை உத்தரவு போட வேண்டியிருந்தது. செத்துப்போன சட்டத்துக்காக ஏழு ஆண்டு கழித்தும் மக்கள் கோர்ட் வாசலில் நின்றார்கள் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எல்லை இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அரசியல் சாசனத்தின் 19(2)-ல் எட்டு காரணங்கள் எழுதியிருக்கின்றன: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். இந்தப் பட்டியல் இவ்வளவு நீளமானதிலும் நம் ஊருக்குப் பங்கு உண்டு. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று அன்றைய மாகாண அரசு தடை போட்டது. 1950-ல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது, அடுத்த ஆண்டே முதல் அரசியல் சாசனத் திருத்தம் வந்து பொது ஒழுங்கு, வெளிநாட்டு உறவு, குற்றத் தூண்டுதல் மூன்றையும் சேர்த்துவிட்டது. மிரட்டினாலோ, அவதூறு பேசினாலோ, ஒரு பெண்ணை இழிவுபடுத்தினாலோ இன்றும் வழக்கு போடச் சட்டம் இருக்கிறது. புகாரை எடுத்துக்கொண்டு விசாரிக்கத்தான் ஆள் இல்லை. கேட்பதானால் அதைக் கேட்போம்.

கேள்வி: கலவரம் நடக்கும்போது நெட்டை நிறுத்துவது நல்லதுதானே? வதந்தி பரவாது, உயிர்கள் பிழைக்கும்.
– ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு

பதில்: 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்தின்மீது போலீஸ் சுட்டது. 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். அன்றைக்கு அந்த ஊரில் இருந்தவர்களுக்கு என்னவெல்லாம் தேவைப்பட்டிருக்கும்? வீட்டுக்கு வராத பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், எந்தத் தெருவில் போகலாம், போகக் கூடாது, வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கு நாங்கள் நலம் என்று ஒரு வார்த்தை. இணையம் போனதும் சரியான செய்திக்கும் வழி போய்விட்டது, வதந்தி மட்டும் வாய்வழியாக ஓடிக்கொண்டே இருந்திருக்கும். அதோடு, நடந்ததைப் படம் எடுத்தவர்களால் அதை வெளியே அனுப்ப முடியாமல் போகிறது. இது யாருக்கு வசதி என்று நீங்களே யோசியுங்கள்.

கலவரத்துக்கு மட்டும்தான் நிறுத்துகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2021 செப்டம்பரில் ராஜஸ்தானில் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்த நாளில், காப்பியடிப்பதைத் தடுக்க என்று பல மாவட்டங்களில் மொபைல் இணையத்தை நிறுத்தினார்கள். தேர்வு எழுதியவர்களோடு சேர்ந்து, யுபிஐயில் பணம் வாங்கும் காய்கறிக்காரர், மருந்துக்கடைக்காரர், ஆட்டோக்காரர் எல்லோருக்கும் அன்று தண்டனை. உங்கள் கடையில் ஆடி மாதத் தள்ளுபடி நாளில் இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?

காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையத்தை நிறுத்தினார்கள். 4ஜி முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆனது. கொரோனா காலத்தின் ஆன்லைன் வகுப்புகளை அந்தப் பிள்ளைகள் 2ஜியில் பார்க்க வேண்டியிருந்தது. வீடியோ ஓடுமா? அது தொடர்பாக 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு: நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும், காலவரையறை இல்லாமல் நிறுத்தக் கூடாது. 2024-ல் வந்த விதிகளும் காரணத்தோடு உத்தரவை வெளியிடச் சொல்கின்றன, ஒரு உத்தரவுக்கு 15 நாள்தான் உச்ச வரம்பு. அடுத்த முறை உங்கள் ஊரில் நெட் போனால், உத்தரவு எங்கே, கையெழுத்துப் போட்டது யார் என்று கேளுங்கள். அந்தத் தாள் இருந்தால்தான் நீதிமன்றத்துக்கே போக முடியும்.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஒரு மாணவி தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்கிறாள், ஆனால் மத நம்பிக்கையால் பாடுவதில்லை. நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை.
– அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: உங்கள் மனம் சொல்வதுதான் சட்டமும் டீச்சர். 1985-ல் கேரளத்தில், கோட்டயம் பக்கம் ஒரு பள்ளியில் இதேபோல நடந்தது. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், ஒரே வீட்டுக் குழந்தைகள். கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். பல ஆண்டாக அப்படித்தான், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் எம்.எல்.ஏ. ஒருவர் கவனித்து சட்டமன்றத்தில் எழுப்பினார். அரசு போட்ட குழு வந்து பார்த்து, பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்துக்கு எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்றே அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் கல்வி அதிகாரி சொன்னார் என்று தலைமையாசிரியை மூவரையும் வெளியேற்றினார்.

அப்பா விடவில்லை. உயர் நீதிமன்றத்தில் தோற்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. கீதத்தைப் பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, கல்வித்துறையின் சுற்றறிக்கைகளுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது, சுற்றறிக்கையை வைத்து ஒருவரின் பேச்சுரிமையைப் பறிக்க முடியாது என்று அது சொல்கிறது. பேசாமல் இருப்பதும் அந்த உரிமைக்குள் அடங்கும். கடைசியில், நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் சகிப்பைப் போதிக்கிறது, நம் அரசியல் சாசனம் சகிப்பைக் கடைப்பிடிக்கிறது, அதை நாம் நீர்த்துப்போக விட வேண்டாம் என்று முடித்திருப்பார். தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தீர்ப்பை ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள், பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது என்பதுதான் உண்மை. அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதை முதலில் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் விடுதியில் மாலை ஆறு மணிக்கு போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். பாடக் குறிப்பு, பேராசிரியர் அனுப்பும் பிடிஎஃப் எல்லாம் போனில்தான் வருகிறது. ஆண்கள் விடுதியில் இப்படிக் கிடையாது. கேட்டால் "ஒழுக்கம்" என்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: உன்னைப் போலவே கோழிக்கோட்டுக்கு அருகே, சேளன்னூரில் ஒரு மாணவி கேட்டார் அம்மா. மாலை 6 முதல் இரவு 10 வரை போன் கூடாது என்ற விதியை ஏற்க மாட்டேன் என்று சொன்னதற்காக விடுதியைவிட்டு அனுப்பப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி. ஆஷா, இணையம் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். அது கேரளத் தீர்ப்பு, தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அப்படியே கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் கல்லூரிக்கு மனு எழுதும்போது தாராளமாகச் சுட்டிக்காட்டலாம்.

தனியாகப் போகாமல் பத்து இருபது பேர் கையெழுத்துப் போட்டு, விதியை எழுத்தில் தாருங்கள், ஆண்கள் விடுதிக்கும் இதே விதி உண்டா என்று கேளுங்கள். மற்றவர் தூக்கத்தைக் கெடுக்காத அளவுக்கு இரவில் சத்தமில்லாமல் வைத்துக்கொள்வது நியாயமான கட்டுப்பாடு, அதை நீங்களே முன்வந்து எழுதிக் கொடுக்கலாம். 18 வயதான பெண்ணுக்கு ஓட்டுப் போடத் தெரியும், போனை எப்போது கீழே வைப்பது என்று தெரியாது என்றால் அதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: ஆஸ்திரேலியா மாதிரி இங்கேயும் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இன்ஸ்டாகிராமைத் தடை செய்தால் என்ன? பையன் ரீல்ஸிலேயே கிடக்கிறான்.
– ஒரு தாய், சேலம்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த அதில் தண்டனை பிள்ளைக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. கணக்கைத் தடுக்கத் தவறும் கம்பெனிக்குத்தான் அபராதம். நம் ஊரில் தடை என்றாலே பிள்ளையின் பையைச் சோதிப்பதில்தான் போய் நிற்கும் என்பது என் பயம்.

தடை எனக்கு உடன்பாடில்லை. இங்கே பல வீடுகளில் ஒரே போன், அது அப்பா பெயரில், அதை இயக்கத் தெரிந்தது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும். கேஸ் பதிவு செய்வதும், கரண்ட் பில் கட்டுவதும் அந்தப் பிள்ளைதான். வயதை எப்படிச் சோதிப்பார்கள்? சோதிக்கிறேன் என்று எல்லோருடைய அடையாள அட்டையையும் கேட்பார்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்கிறது, பெற்றோரின் சம்மதம் கேட்கிறது. அந்தச் சட்டத்தில் நல்ல பகுதியும் உண்டு. குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் போடுவதும் கூடாது என்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன, ஆனால் கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம். அதைச் சுருக்குங்கள் என்று கேட்பதில் நான் உங்களோடு நிற்பேன். முடிவில்லாமல் ஓடும் ரீல்ஸை வடிவமைத்தவர்களை விட்டுவிட்டு, அதில் சிக்கிய பையனைத் திட்டி என்ன பயன்? சாயங்காலம் விளையாட உங்கள் தெருவில் இடம் இருக்கிறதா அம்மா? அதையும் பாருங்கள்.

கேள்வி: ஆதார் இல்லை என்று என் பேத்தியைப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாமா?
– விவசாயி, அரியலூர்

பதில்: முடியாது. 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மறுத்தால், மறுப்பை எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். கல்வித்துறை உதவி எண் 14417.

கேள்வி: சோப்பு வாங்கினாலும் பில் போட மொபைல் நம்பர் கேட்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: வேண்டாம். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பில் போடும் பெண்ணிடம் கோபப்படாதீர்கள், அவருக்கு மேலே இருந்து வரும் நெருக்கடி. "நம்பர் தர விருப்பமில்லை" என்று சொன்னால் போதும்.

கேள்வி: ரேஷன் கடையில் அம்மாவின் கைரேகை விழுவதே இல்லை. 74 வயது. மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
– கட்டடத் தொழிலாளி, விழுப்புரம்

பதில்: இதை நானும் வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைக்கிறார், கட்டை விரல், ஆள்காட்டி விரல், அடுத்த கை. ஒவ்வொரு முறையும் மெஷின் பொருந்தவில்லை என்கிறது. நாற்று நட்டும், களை பிடுங்கியும், பாத்திரம் தேய்த்தும் தேய்ந்துபோன ரேகை அது. உழைத்த கைக்கு அரிசி இல்லை என்று ஒரு மெஷின் சொல்வதை எப்படி ஏற்க முடியும்? பின்னால் நின்றவர்கள் சத்தம் போட, அவர் பையைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நகர்ந்தார்.

கடைக்கு வர முடியாத முதியவர்களுக்காக வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் உண்டு. கடையிலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ கேளுங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே பொருள் வர வேண்டும். குடும்ப அட்டையில் அம்மாவோடு வேறு யார் பெயர்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்துத் தகுதி மாறும், அதையும் விசாரியுங்கள். மறுபடி திருப்பி அனுப்பினால் தேதி, நேரம், கடை எண் மூன்றையும் குறித்து வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நடந்ததை எங்களுக்கும் எழுதுங்கள்.