பாம் ஷெல்டரில் டிராகனை அடைக்காதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீட்டில் பெற்றோருடன் இருக்கிறேன். வீடியோ கேம் ஓவியப் புத்தகங்கள், அதிலும் டிராகன், கவச வீரர், மாயக்காடு என்று வரும் ஃபேண்டசி வகை, 14 சேர்த்திருக்கிறேன். இடம் இல்லாமல் பாம் ஷெல்டரில், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுவெடிப்புப் பாதுகாப்பு அறையில் அடுக்கினேன். ஆறு மாதம் கழித்து எடுத்தால் பூஞ்சை நாற்றம், விளிம்பில் பழுப்புப் புள்ளிகள். ஒன்றில் நாலைந்து பக்கம் ஒட்டியே போய்விட்டது. பாதி விலைக்கு செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஒன்று போலியோ என்றும் சந்தேகம். "எல்லாத்தையும் தூக்கிப் போடு" என்கிறார் அம்மா. காப்பாற்ற முடியுமா? இனிமேல் எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: தூக்கிப் போட வேண்டாம். ஆனால் இன்றைக்கே ஷெல்டரைக் காலி செய்யுங்கள். சுற்றிலும் கனமான கான்கிரீட், இரும்புக் கதவு, காற்றுக்கென்று விட்டிருப்பது சின்னத் துவாரம். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியிலேயே 80 விழுக்காட்டைத் தாண்டும். 65, 70 என்று தொடர்ந்து நின்றாலே பூஞ்சைக்குப் போதும்.

நாவல் புத்தகம் என்றால் தாள் கொஞ்சம் நெளிந்து தப்பித்துவிடும். ஓவியப் புத்தகத்தின் வழவழப்பான ஆர்ட் தாள் அப்படியல்ல. அதன்மேல் களிமண்ணும் சுண்ணமும் பசையில் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் அந்தப் பசை இளகி எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்ததும் இறுகிவிடும். ஒட்டிய அந்த நாலைந்து பக்கத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். தாள் பிரியாது, படம்தான் தோல் மாதிரி உரிந்து எதிர்ப்பக்கத்தோடு போகும். நீராவி காட்டினால் இன்னும் மோசம். அந்தப் பக்கங்கள் போனதுதான். இனி எப்போதாவது புத்தகம் நனைந்தால், ஈரம் காயும் முன்பே ஒவ்வொரு பக்கத்துக்கு நடுவிலும் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் ஒட்டாத தாளைச் செருகுங்கள். உடனே முடியாதென்றால் ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், யோசிக்க நேரம் கிடைக்கும்.

மற்றவற்றை ஏர்கான் ஓடும் அறையில் நிற்கவைத்து, பக்கங்களை விசிறிபோல் லேசாக விரித்து, மூன்று நான்கு நாள் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மென்மையான தூரிகையால் முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் தட்டுங்கள். ஈரத்துணி, வெட் டிஷ்யூ இரண்டும் கூடாது, பூஞ்சையைத் தாளுக்குள் தேய்ப்பதாகிவிடும். வெயிலில் வைத்தால் மை வெளுக்கும், அட்டை வளையும். பழுப்புப் புள்ளிகள் போகாது. பிளீச் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தாளைத் தின்னும் வெள்ளிப்பூச்சி இருந்தால் பையில் இறுக மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக்கூடாது, திறந்தால் குளிர்ந்த அட்டையில் நீர் கோத்துக்கொள்ளும். ஒன்று மறக்காதீர்கள்: குளிரில் பூச்சி சாகும், பூஞ்சை சாகாது, தூங்கும்.

அடுத்த புத்தகத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஒரு டிரை கேபினெட், அதாவது உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் மின் அலமாரி வாங்குங்கள். கேமராக்காரர்கள் வைத்திருப்பதேதான். வாங்கும் முன் உள்ளளவைப் பாருங்கள்: ஏ4 புத்தகமே 21க்கு 29.7 செ.மீ., அகலவாக்குப் புத்தகங்கள் அதற்கும் மேல். தடித்த ஒன்று 2 கிலோ வரை இருக்கும். லென்ஸுக்காகச் செய்த தட்டில் பத்தை வரிசையாக நிறுத்தினால் தட்டு தொய்யும். கனமானது எப்போதும் அடித்தட்டில், பின்பக்கம் காற்று போக இரண்டு விரல் இடைவெளி. ஈரப்பதம் 45 முதல் 50. பத்திரம் என்று நினைத்து 30க்கு இறக்கினால் முதுகுப் பசை மொறுமொறுத்து, விரிக்கும்போது பிளக்கும்.

கேபினெட்டின் மானியை அப்படியே நம்பாதீர்கள். தனியாக ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி வாங்கி, அதையும் சோதியுங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பை எடுத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோல் குழைத்து, மானியோடு ஜிப் பைக்குள் வைத்து மூடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி 5 குறைத்துச் சொல்கிறது, அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா புத்தகத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். அதில் சேர்வது வெறும் தண்ணீரல்ல, கால்சியம் குளோரைடு கரைசல். தாளில் கொட்டினால் காயவே காயாது, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

போலிக்கு வருவோம். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். முதலில் ஓவியத்தைப் பார்க்காதீர்கள், ஓவியத்தின் கீழே உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள். அசல் அச்சில் கறுப்பு எழுத்துக்கு வழக்கமாகக் கறுப்பு மை மட்டும் ஓடும், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். ஸ்கேன் செய்து அச்சிட்டதில் எழுத்தும் ஒரு படம்தான். ஆகவே நான்கு மைகளும் கலந்து, ஓரத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் சிதறித் தெரியும். பிறகு ஓவியத்துக்கு வாருங்கள். அசலின் புள்ளிமேல் நகலின் புள்ளி விழுவதால், சமமான வானத்தில் பட்டுப்புடவையை அசைத்தாற்போல் அலைக்கோடு ஓடும். இருட்டான பகுதி அடைத்துப்போயிருக்கும். கறுப்புக் கவசத்தின் தோல்வார், தையல், கீறல் என்று ஓவியர் உழைத்ததெல்லாம் ஒரே கறுப்புத் திட்டு. பக்க ஓரத்தில் சில மில்லிமீட்டர் வெட்டுப்பட்டு, பக்க எண் விளிம்பை முட்டிக்கொண்டிருப்பதும் ஓர் அடையாளம். சமையலறைத் தராசில் நிறுத்துப் பதிப்பாளர் சொல்லும் எடையோடு ஒப்பிடுங்கள், மலிவுத் தாள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணை மட்டும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அட்டையை நகலெடுத்தவர் எண்ணையும் சேர்த்துத்தான் எடுத்திருப்பார். இனி செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது விற்பவரிடம் அட்டைப் படம் கேட்காமல், ஒரு குறிப்பு வரியின் மிக நெருக்கமான படத்தைக் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

எதை வாங்குவது என்பதில் என் பக்கச்சார்பைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்துக்கு வரைந்த முழு ஓவியங்கள் மட்டும் நிரம்பிய புத்தகம் எனக்கு இரண்டாம் பட்சம், அவை இணையத்திலும் கிடைக்கும். ஒரே அரக்கனுக்குப் பத்து நிழலுருவம், முன் பின் பக்கவாட்டுத் தோற்றம், நிராகரித்த கொம்புகள், "இந்தக் கொக்கி எப்படிக் கழலும்" என்ற குறிப்பு, இவை இருக்கும் புத்தகத்துக்குத்தான் காசு. கேமோடு சேர்த்துத் தரும் குட்டிப் புத்தகத்தில் பெரும்பாலும் அதே படங்களில் ஒரு பிடிதான் இருக்கும், அதற்காகத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் பஷீர் கிராஃபிக் புக்ஸ், ஆர்ச்சர்டில் கினோகுனியா இரண்டுக்கும் போய் முடிந்தவரை புரட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஜப்பானியப் பதிப்பா, ஆங்கிலமா? குறிப்புகளைப் படிக்க வேண்டுமென்றால் பொறுத்திருங்கள். எல்டன் ரிங் என்ற ஃபேண்டசி கேமின் ஓவியப் புத்தகத்தின் இரண்டு தொகுதிகளும் ஜப்பானில் 2022இல் வந்தன, ஆங்கிலத்தில் 2023இல் வந்துவிட்டன. வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வரவழைத்தால் கணக்குப் பாருங்கள். புத்தகம் 380 வெள்ளி, அனுப்பும் செலவு 60 என்றால் மதிப்பு 440. வரம்பான 400 வெள்ளியைத் தாண்டிவிட்டதால் இறக்குமதியில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி, அதாவது 39 வெள்ளி 60 காசு. 400க்குள் என்றால் பதிவுபெற்ற தளங்கள் விற்கும்போதே வரியைச் சேர்த்துவிடும், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் வெற்றிடம் விடாமல் கட்டச் சொல்லுங்கள். மூலை நசுங்குவது பெட்டி விழுந்ததால் என்பதைவிட, 2 கிலோ புத்தகம் உள்ளே உருண்டதால்தான்.

ஜப்பானியப் புத்தகம் வந்தால் அட்டையின் கீழ்ப்பகுதியில் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும், ஓபி என்பார்கள். அது இருந்தால்தான் மறுவிற்பனையில் முழு விலை. பாலிப்ராப்பிலீன் என்ற பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்துங்கள், பிவிசி பிளாஸ்டிக் உறை மையை இழுத்துக்கொள்ளும். அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அந்தப் பட்டை குப்பை இல்லை.