தோல் வழியே போன வாசனை எப்படி வெளியேறுகிறது?

கேள்வி: எலித்தோல் ஒரு வாசனைப் பொருளை இவ்வளவு சதவீதம் உறிஞ்சியது என்கிறார்கள். அதே கணக்கு நமக்கும் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. எலித்தோல் மெல்லியது, மயிர்க்கால்களும் நெருக்கம். அதனால் பெரும்பாலான பொருள்கள் நம் தோலைவிட அதில் எளிதாக இறங்கும். பன்றித்தோல்தான் நமக்கு நெருக்கம். அப்புறம், பூசிய இடத்தை மூடினார்களா என்று பாருங்கள். திறந்து விட்டால் ஒரு பங்கு காற்றிலேயே ஆவியாகிவிடும். மூடினால் உள்ளே இறங்குவது கூடும். இந்த விவரம் இல்லாத சதவீதத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: உள்ளே போனது சிறுநீரில் வருமா, மலத்திலா?

இரண்டிலும் வரும். எதில் அதிகம் என்பது விலங்கைப் பொறுத்தது. வாசனை மூலக்கூறுகள் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை. கல்லீரல் அவற்றில் ஆக்ஸிஜனைச் சேர்த்து, சர்க்கரையிலிருந்து உடம்பே உருவாக்கும் குளுகுரோனிக் அமிலத்தையும் ஒட்டி, நீரில் கரையவைக்கிறது. இந்த ஒட்டலால் மூலக்கூறு எடை 176 கூடுகிறது. எலியில் எடை சுமார் 325-ஐத் தாண்டினாலே பித்தநீர் வழியாக மலத்துக்குக் கணிசமாகப் போய்விடும். மனிதரில் அந்த எல்லை ஏறக்குறைய 500. குடல் நுண்ணுயிர்கள் அந்த ஒட்டைப் பிரித்துவிட்டால், பொருள் மறுபடி உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பும். எலியின் சிறுநீரை மட்டும் அளந்துவிட்டு ‘உடம்பிலேயே தங்கிவிட்டது’ என்று முடிவு கட்டுவது சரியில்லை.

கேள்வி: உடம்பில் தங்கிவிடுபவையும் உண்டா?

உண்டு. மஸ்க் சைலீன் போன்ற செயற்கைக் கஸ்தூரிகள் கொழுப்பில் சேரும், தாய்ப்பாலிலும் கண்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 ஆகஸ்டிலிருந்து தனி அனுமதி இல்லாமல் மஸ்க் சைலீனைப் பயன்படுத்த முடியாது. அதற்கும் முன்பே ஒரு பாடம் கிடைத்தது. ஏ.இ.டி.டி. என்ற இன்னொரு செயற்கைக் கஸ்தூரியை எலிகளின் தோலில் தொடர்ந்து பூசியபோது உள்ளுறுப்புகள் நீலமாயின, நரம்புகள் சிதைந்தன. 1970களின் பிற்பகுதியில் அதைக் கைவிட்டார்கள்.

கேள்வி: பூனைக்கு வாசனை ஷாம்பு போடலாமா?

வேண்டாம். மேலே சொன்ன குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டும் நொதிகளில் ஒன்றுக்கான மரபணு பூனையிடம் செயலிழந்து கிடக்கிறது. அதனால் பீனால் வகைப் பொருள்கள், கிராம்பு மணம் தரும் யூஜெனால் உட்பட, மெதுவாகவே வெளியேறும். போதாததற்கு, ரோமத்தில் பட்டதையெல்லாம் நக்கியே உள்ளே தள்ளிவிடும். வாசனை எண்ணெய் கொட்டிவிட்டால் நக்கவிடாமல் உடனே மணமற்ற சோப்பால் கழுவுங்கள். தள்ளாட்டம், எச்சில் ஒழுகல், நடுக்கம் தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், புட்டியையும் எடுத்துக்கொண்டு.