பயிர்க் கழிவிலிருந்து ஹைட்ரஜன்: முதலில் ஈரத்தைப் பாருங்கள்

கேள்வி: அறுவடை முடிந்ததும் தட்டை, உமி, மரத்தூள் எல்லாம் நிறைய மிஞ்சுகின்றன. அவற்றிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து ஜெனரேட்டர் ஓட்ட முடியுமா?

முடியும். ஆனால் ஜெனரேட்டருக்குத்தான் என்றால், சுத்தமான ஹைட்ரஜன் வரை போக வேண்டாம் என்பேன்.

காய்ந்த கழிவின் எடையில் ஹைட்ரஜன் சுமார் 6 சதவீதம்தான். 800 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் நீராவியைச் செலுத்தி வாயுவாக்கினால், நீரிலுள்ள ஹைட்ரஜனும் சேர்ந்து வரும். அதனால் நல்ல ஆலைகளில் கிலோவுக்கு 70 முதல் 100 கிராம் வரை எடுக்க முடிகிறது. அதற்கு வினையூக்கி, வாயுக்களைப் பிரிக்கும் கருவி, கம்ப்ரஸர் என்று செலவு நீளும். எரிபொருள் மின்கலத்தில், அதாவது ஹைட்ரஜனிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் கருவியில் ஓடும் வாகனத்துக்கென்றால் கார்பன் மோனாக்சைடு கோடியில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கவே கூடாது. சேமிப்பதும் லேசில்லை: சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 11 கன மீட்டர் இடம் வேண்டும்.

உங்கள் எஞ்சினுக்கு இவ்வளவு தேவையில்லை. காற்றை அளவாக விட்டு வாயுவாக்கும் சாதாரண கேசிஃபையரில் 15 முதல் 20 சதவீதம் ஹைட்ரஜனும், ஏறக்குறைய அதே அளவு கார்பன் மோனாக்சைடும் கிடைக்கும். பாதி நைட்ரஜன்தான், ஆனாலும் அதற்கேற்ற எஞ்சின் நன்றாகவே ஓடும்.

தலைவலி, வாயுவோடு கூடவே வரும் தார்தான். வாயு ஆறும்போது கறுப்பாக, பிசுபிசுவென்று குழாயிலும் வால்விலும் படிந்து, வால்வு அசையாமல் இறுகிவிடும். வாயு கீழ்நோக்கி இறங்கி, கனன்ற கரி வழியாக வெளியேறும் வகையை வாங்குங்கள். அந்தச் சூட்டில் தாரின் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஈரமும் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். தட்டையை ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. மரத்தூளை அப்படியே கொட்டினால் அடைத்துக்கொள்ளும், கட்டியாக அழுத்திப் போடுங்கள். உமியில் சாம்பல் அதிகம், அதற்கென்று வடிவமைத்த கேசிஃபையர் வேண்டும்.

சாணம், பழக்கழிவு போன்ற ஈரமானவை என்றால் சாண எரிவாயுக் கலன்தான் சரி. நொதிக்க வைத்து நேராக ஹைட்ரஜன் எடுக்கும் முறையும் உண்டு. ஆனால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறு என்பது கணக்கில்தான். நடைமுறையில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கிறது.

அப்புறம், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கேசிஃபையரை மூடிய அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கழிவிலேயே ஒரு மூட்டையைக் கொண்டுபோய், விற்பவரின் கேசிஃபையரில் சில மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு வடிகட்டியைத் திறந்து, எவ்வளவு தார் படிந்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.