ஐசியூ சளி ரிப்போர்ட்டில் 'ரெசிஸ்டன்ட் கிளெப்சியெல்லா' (மருந்துக்கு அடங்காத ஒரு பாக்டீரியா) என்று வந்தும் டாக்டர் ஏன் உடனே மருந்தை மாற்றவில்லை?

கல்ச்சரில், அதாவது சளியை லேபில் வைத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வளர்ந்த கிருமியெல்லாம் நோயை உண்டாக்குவதில்லை. மூச்சுக்குழாயில் டியூப் போட்டுச் சில நாளானாலே அங்கே கிருமி குடியேறிவிடும். அதனால் ரிப்போர்ட்டை விட நோயாளியைத்தான் முதலில் பார்ப்பார்கள்: புதிதாகக் காய்ச்சலா, சளி சீழ்போல் வருகிறதா, ஆக்ஸிஜன் தேவை கூடியதா, எக்ஸ்ரேயில் புது நிழலா?

இவை சேர்ந்து, பிரஷரும் இறங்கினால் காத்திருக்கவே கூடாது. ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு மருந்து தொடங்கி, 48 முதல் 72 மணி நேரத்தில் முடிவைப் பார்த்து மாற்றுவார்கள்.

மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத கிளெப்சியெல்லா என்றால், அது மருந்தைச் சிதைக்கும் எந்த நொதியை (என்சைமை) வைத்துத் தப்பிக்கிறது என்று கேளுங்கள். ஓஎக்ஸ்ஏ-48 என்ற நொதி என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்து பெரும்பாலும் கேட்கும். என்டிஎம் என்ற நொதி என்றால் அதோடு அஸ்ட்ரியோனம் என்ற மருந்தும் வேண்டும். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, வேறு வழியிருந்தால் நான் அதைத் தொடமாட்டேன்.